அந்தச் சத்தத்தை நிறுத்திவிட்டேன், நாட்ராயா

என் சாமி நாட்ராயனுக்கு,

போனவனுக்கு எதற்குக் கடிதம் என்று நம் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். உயிரோடு இருந்தபோது நான் வாயைத் திறந்தாலே, “சரிக்கா, சரிக்கா” என்று எழுந்து போய்விடுவாய். இப்போது எங்கே போவாய்? உட்கார்ந்து முழுவதையும் கேள்.

உன் வண்டியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். பழைய மினி பஸ்ஸை வாங்கி, கஞ்சிக்கோட்டுப் பட்டறையில் போட்டு, உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை, அடியில் தண்ணீர்த் தொட்டி என்று ஒரு வீட்டையே கட்டி, மூணாறு சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு ஓட்டினாயே, அந்தக் கேரவன். ஆவணியில் நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். கார்த்திகையில் உன் பெண்டாட்டி சுமதி சாவியைக் கையில் எடுத்துவிட்டாள். உன் மகள் தாரணிக்குக் காலேஜ் இன்னும் முடியவில்லை. தென்னையில் வெள்ளை ஈ விழுந்து காய்ப்பும் இல்லை. வேறு என்ன செய்வாள்? பெரிய வண்டி ஓட்ட நீதான் அவளுக்குக் கற்றுக்கொடுத்து லைசென்ஸும் எடுத்துக் கொடுத்திருந்தாய். நான் சமையலுக்கு என்று கூட ஏறிக்கொண்டேன். சமையல் ஒரு சாக்கு. அவள் முகமே சரியில்லை, தனியாக அனுப்ப எனக்கு தைரியம் வரவில்லை.

கோபாலபுரம், பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் என்று மேலே ஏறும்போது ஒரு தொந்தரவும் இல்லை. விருந்தாளிகள் பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். தங்கிவிட்டு மூணாறிலிருந்து இறங்கும்போதுதான், முதல் வளைவில் அது கேட்டது. கட... கடகட... கட. பின்பக்கம், காலுக்குக் கீழே. பூட்டிய அறைக்குள் மாட்டிக்கொண்டவர் கதவைத் தட்டுகிற மாதிரி, விட்டு விட்டு.

“சுமதி, ஓரங்கட்டு கண்ணு. என்னமோ கழண்டு கெடக்குது” என்றேன்.

அவள் ஓரங்கட்டவில்லை. கண்ணாடியை ஏற்றினாள். விருந்தாளிகளிடம் பாட்டை நிறுத்தச் சொன்னாள். வளைவுக்கு வளைவு அது தட்டத் தட்ட, அவள் உதட்டில் ஒரு சிரிப்பு வந்தது. நீ போன பிறகு அவள் முகத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு அது.

“அவியதானுங்க நங்கையா” என்றாள். புருஷனின் அக்காவான என்னை அவள் அப்படித்தானே வாய் நிறையக் கூப்பிடுவாள். “ஒண்டியா வுட மனசில்லாம கூடவே வர்றாங்க.”

உன்னைத்தான் சொல்கிறாள். பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் வாயிலேயே போடுகிற ஆள் நான், உனக்குத் தெரியாதா? ஆனாலும் சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. சத்தம் சட்டென்று நின்ற ஒரு வளைவில், “நாட்ராயா?” என்று நானும் மனசுக்குள் கேட்டுவிட்டேன்.

வீடு சேர்ந்ததும் முதல் வேலையாகத் தொட்டியை நிரப்ப வேண்டும் என்பது நீ வைத்த சட்டம். அதைச் செய்துவிட்டுத் தேட ஆரம்பித்தேன். டம்ளர், கரண்டி, குக்கர் வெயிட் எல்லாவற்றையும் துண்டில் சுற்றினேன். கேஸ் சிலிண்டரைப் பழைய வேட்டியால் இறுக்கிக் கட்டினேன். கட்டில் கால்களுக்கு அடியில் தேங்காய் மட்டையைச் செருகினேன். பிறகு கஞ்சிக்கோட்டுக்கே கொண்டுபோனோம். பட்டறைக்காரன் எலப்புள்ளி வரை ஓட்டிப் பார்த்துவிட்டு, “ஒரு கொழப்பமும் இல்ல சேச்சி, வண்டி சூப்பர்” என்றான். கேட்டால்தானே அவனும் தேடுவான்? பாழாய்ப்போன சத்தம் ஊருக்குள் வாயையே திறக்கவில்லை.

“இங்கெல்லாம் பேச மாட்டாங்க. மலை எறங்கறப்பத்தான் எங்கூடப் பேசுவாங்க” என்றாள் சுமதி. பட்டறைக்காரன் முன்னாலேயே சொன்னாள். அவன் என்னைப் பார்த்தான், நான் தரையைப் பார்த்தேன்.

உன் ஸ்பேனர் பெட்டியையாவது கொடு, நானே பார்க்கிறேன் என்றேன். அதைப் பின்சீட்டுக்கு அடியில் உன் துண்டால் கட்டி வைத்திருந்தாள். “வருசம் திரும்பலீங்களே. இந்தத் தடவ பூசை போடல. சந்தனம் வெக்காத சாமானை எப்பிடிங்க வண்டி மேல வெக்கறது?” என்றாள். துக்க வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பண்டிகை இல்லை, ஆயுத பூஜையும் இல்லை. அதற்கு மேல் நான் என்ன பேச? பெட்டியை அப்படியே விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு பயணத்திலும் சத்தம் கூடிக்கொண்டே போனது. சுமதி வளைவுகளில் பேச ஆரம்பித்தாள். “சரிங்க”, “ஆமாங்க”, “வந்தர்றனுங்க” என்று சின்னச் சின்னதாக. விருந்தாளிகள் அவள் போனில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள். யாரிடம் வருவதாகச் சொல்கிறாள் என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை.

மறையூருக்கு மேலே ஒரு இறக்கத்தில் எதிரே லாரி வந்தது. சுமதி பிரேக்கை மிதிக்கவில்லை. நான் கத்தினேன். அப்புறம்தான் மிதித்தாள். லாரிக்காரன் ஜன்னலில் தலையை நீட்டி என்னென்னவோ திட்டிவிட்டுப் போனான். இவளுக்கு ஒரு பதற்றமும் இல்லை. “அவிய என்னமோ சொன்னாங்க, கேட்டுட்டு இருந்தனுங்க” என்றாள்.

அன்றைக்கு எனக்குப் பயம் பிடித்தது, நாட்ராயா. அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து அவள் கண்ணுக்கு முன்னால் வைக்காவிட்டால், ஏதாவது ஒரு வளைவில் அவளையும் பறிகொடுத்துவிடுவோம் என்று தெரிந்துபோனது. தாரணி அப்பன் இல்லாத பிள்ளை ஆகிவிட்டாள். அம்மாவும் இல்லை என்று நான் போய் எப்படி அவளிடம் சொல்வேன்?

போன வாரம் மறுபடியும் மேலே போனோம். வழக்கம்போல முத்தையா அண்ணாச்சியின் இடத்தில் நிறுத்தினோம். எஸ்டேட் வேலையிலிருந்து நின்ற பிறகு, வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தை வண்டிகளுக்கு விடுகிறாரே, அவர்தான். கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி, கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். காலையில் மூன்று பேரும் குளித்து முடித்தார்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். குழாய் புஸ் புஸ் என்று காற்றை விட ஆரம்பித்தது. அந்த நேரம் பார்த்து, வண்டியை வெயிலுக்கு நகர்த்துகிறேன் என்று சுமதி எடுத்தாள்.

கட... கடகட.

மலையும் இல்லை, இறக்கமும் இல்லை. சமதரை. என் காலுக்கு நேர் கீழே.

அப்படியே நின்றுவிட்டேன். தண்ணீர் குறைந்தால்தான் சத்தம் வருகிறது! ஏறும்போது தொட்டி நிறைய இருக்கும், கனத்தில் அசையாமல் கிடக்கும். விருந்தாளிகள் குளித்துக் காலி பண்ணிய பிறகுதானே எப்போதும் இறங்குகிறோம்? பட்டறைக்குப் போனபோது நான்தானே நிரப்பிக் கொண்டுபோனேன்?

“அண்ணாச்சி, ஓஸ் பைப்பைப் போட்டுத் தொட்டியை ரொப்புங்க” என்று கத்தினேன். “எதுக்கும்மா, இப்ப எறங்கத்தான போறிய?” என்று கேட்டுக்கொண்டே ரொப்பினார். சுமதியைத் திரும்ப நகர்த்தச் சொன்னேன். சத்தம் இல்லை. ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை.

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். இந்த வயசில் நான் அடியில் நுழைந்த அழகை நீ பார்த்திருந்தால் ஒரு மாசத்துக்குச் சிரித்திருப்பாய். தொட்டியைத் தாங்கிப் பிடிக்கிற இரும்புப் பட்டை இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. நட்டுகளை விரலால் சுற்ற முடிந்தது. அதைப் பார்த்ததும்தான் ஒன்று உறைத்தது. ஒவ்வொரு வருஷமும் ஆயுத பூஜைக்கு முதல் நாள் நீ அடியில் படுத்து, ஒரு நட்டு விடாமல் முறுக்கிவிட்டு, அதற்கப்புறம்தானே சாமான்களைக் கழுவிச் சந்தனம் வைப்பாய்? இந்த வருஷம் துக்கம் என்று பூஜையை நிறுத்தினோம். பூஜையோடு சேர்ந்து அந்த வேலையும் நின்றுபோனது என்று வீட்டில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். பட்டை தளர்ந்து தொட்டி ஒரு பக்கமாக நகர்ந்திருந்தது. அதன் முனை பிரேக் ஆயில் போகிற குழாயில் இடித்து இடித்து, குழாயில் ஒரு இடம் வெள்ளி மாதிரி மினுங்கியது. தொட்டுப் பார்த்தேன். ஈரம்.

அண்ணாச்சியும் குனிந்து எட்டிப் பார்த்தார். “ஏ யம்மா! கொழாயையே தின்னுருக்குல்லா! இன்னைக்கி இப்படியே எறங்கியிருந்தியன்னா...” என்றார். குழந்தையை வைத்துக்கொண்டு நின்ற பெண்ணைப் பார்த்தார். பிறகு அவரே போய் ஜீப் பிடித்து, அந்தக் குடும்பத்தைக் கீழே அனுப்பி வைத்தார்.

நான் சுமதியின் கையைப் பிடித்து இழுத்துப் படுக்க வைத்து, அந்த இடத்தைக் காட்டினேன். “பாரு. நல்லாப் பாரு. இதுதான் உம்பட புருசன் பேசுன பேச்சு” என்றேன். கோபத்தில் அப்படித்தான் வந்தது வாயில். அவள் வெகு நேரம் பார்த்தாள். ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் தூக்கத்தைக் கெடுக்கிறது.

“கூப்புடறாங்கன்னுதானுங்க நெனச்சேன்” என்றாள். “அவியகூடவே போயர்லாம்னுதான் இருந்தேன்.”

“அந்தப் பச்சக் கொழந்தையும் உள்ள இருக்குதேடி?”

“அந்த ரோசனையே வரலீங்க நங்கையா.”

ஓங்கி ஒரு அறை விட்டேன். விட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு, அந்த மண்ணிலேயே உட்கார்ந்து அழுதேன். உன் காரியத்தன்றுகூட நான் அப்படி அழவில்லை. அவளும் அழுதாள். அண்ணாச்சி ஒன்றும் தெரியாதவர் மாதிரி ஓஸைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

மூணாறிலிருந்து மெக்கானிக் வந்து பிரேக் குழாயை மாற்றினான். பட்டைகளை நானே முறுக்கினேன், உன் ஸ்பேனரால்தான். துண்டை அவிழ்த்தபோது சுமதி வேண்டாம் என்று சொல்லவில்லை. சந்தனம் இல்லாவிட்டால் என்ன, சாமிக்குத் தெரியாதா?

நான் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் அவளே ஓட்டுவேன் என்றாள். பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். இறங்கும்போது சத்தமே இல்லை. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் அவள் தலை லேசாகப் பின்னால் சாய்ந்தது, காது கொடுக்கிற மாதிரி. சின்னாறு வந்ததும், “ரொம்ப அமைதியா இருக்குதுங்க” என்றாள். எனக்கும் அந்த அமைதி பிடிக்கவில்லை, நாட்ராயா.

நேற்று அவளைப் பாலக்காட்டில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். மாத்திரை கொடுத்திருக்கிறார், வாரா வாரம் வந்து பேசச் சொல்லியிருக்கிறார். அவர் சொல்கிறவரைக்கும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. முத்தையா அண்ணாச்சியின் மருமகன் ஓட்டுகிறேன் என்றிருக்கிறான். தாரணி லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். அம்மாவின் பக்கத்தில்தான் படுத்துக்கொள்கிறாள்.

இப்போது உன்னிடம் நேராகவே கேட்டுவிடுகிறேன். அது தொட்டிதான் என்று எனக்குத் தெரியும். என் கையால் முறுக்கியிருக்கிறேன். ஆனாலும் ஒரு பேச்சுக்கு, கொஞ்சமேனும் அதில் நீயும் இருந்தாயா? அவளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தாயா? அங்கே தனியாக இருக்கப் பயமாக இருக்கிறதா, சாமி?

இருந்தாலும் தர மாட்டேன். நீ பிறந்த நாளிலிருந்து கேட்டதையெல்லாம் கொடுத்தேன், என் பங்கு வயலைக்கூட. இவளை மட்டும் கேட்காதே. நாளைக்கு அவள் மறுபடி ஓட்ட ஆரம்பித்தாலும், ஒவ்வொரு இறக்கத்திலும் பக்கத்து சீட்டில் நான் இருப்பேன். மலை முடிகிற வரைக்கும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவேன். நீ என்ன தட்டினாலும் அவள் காதில் விழாது. இது சத்தியம்.

உன்னை இடுப்பில் சுமந்தவளும், இனி உன்னை அவளிடம் அண்டவிடாதவளுமான
உன் அக்கா,
தங்கமணி