உன் அம்மாவின் முழங்கால் வலி

பிரியமுள்ள மகள் தாயிக்கு,

உன் அம்மா மேல் எனக்கு ஒரு சந்தேகம். காட்டு வேலைக்கு நடக்கையில் எனக்கு மூச்சு வாங்கும் நேரம் பார்த்தே அவளுக்கு முழங்கால் வலிக்கிறது.

"ஏங்க, செத்த உக்காந்துட்டுப் போவமா?"

"ஒனக்கு வயசாயிருச்சுடி" என்று கேலி பேசிக்கொண்டே, அவளுக்கு முந்தி நான் உட்கார்ந்துவிடுவேன்.

நேற்று அருப்புக்கோட்டையில் நான் டீக்கடையில் நிற்கும்போதே திருச்சுழி பஸ் கிளம்பிவிட்டது. "எங்க வீட்டு அவுக வரணும், நிப்பாட்டுப்பா!" என்று சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! குமரிப்பிள்ளை தோற்றுப்போவாள்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் இனி வழியில் உட்கார மாட்டாள். அப்புறம் நான் எப்படி உட்காருவது?

இன்றும் பாதி வழியில் வலி என்றாள். வலிக்காத அந்த முழங்காலை நெடுநேரம் அமுக்கிவிட்டேன்.

உன் அப்பா