இரண்டு பேர் நிறுவனம்

உன் தொப்பி என் வீட்டுக் கொடியில் காய்கிறது. பின்னேர மழையில் நனைந்து விளிம்பெல்லாம் தொங்கிப்போய்க் கிடக்கிறது. கிட்டப் போய் மணந்து பார்த்தேன். குளத்துச் சேற்று மணம். அதற்குள்ளே நீ நெற்றியில் பூசுகிற தைலம். நீ போய் இவ்வளவு நாளாகியும் அது விட்டுப் போகவில்லை, பார். நீ எதையாவது அளவாகப் பூசியிருந்தால்தானே.

உனக்கு ஒரு செய்தி கொண்டு வந்திருக்கிறேன். தபால் கந்தோரில் ஆயுள் முழுக்க இருந்தவள் என்றாலும் எதையும் சுருக்கமாகச் சொல்ல எனக்கு வராது. முதலிலிருந்துதான் வர வேண்டும், பொறுத்துக் கேள்.

நீ படிப்பித்து ஓய்ந்த அடுத்த மாரி அது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ச் முடிந்து, மத்தியானமும் சாப்பிட்டு, பண்டத்தரிப்பிலிருந்து ஸ்கூட்டியில் வந்து என் படலையில் நின்று ஹோர்ன் அடித்தாய். குளம் பார்க்கப் போவோம், ஏறு என்றாய். எனக்கு விசர்தான் வந்தது. எங்கள் சனம் கடல் பார்க்கப் போகும், கீரிமலைக்குக் குளிக்கப் போகும். குளத்துக்கு மாடுதானே போகும். இதைச் சொல்லியும் பார்த்தேன். மாடுகளுக்கு இருக்கிற ரசனைகூட உனக்கு இல்லையென்று ஒரே போடாகப் போட்டாய். ஏறினேன், வேறென்ன செய்ய?

பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. உன் மகள் கனடாவிலிருந்து அனுப்பிய அந்தப் பெரிய தொப்பி உன் தலையில். மருமகன் அனுப்பிய தூரக்கண்ணாடி கழுத்தில். மீன் கட்லட் உனக்கு, கிழங்குக் கட்லட் எனக்கு; இரண்டும் தொட்டுக்கொள்ளக் கூடாதென்று வேறு வேறு லஞ்ச் சீற் தாளில் சுற்றிக்கொண்டு வருவாய். என் சைவத்தை என்னை விட நீதான் கவனமாகக் காப்பாற்றினாய். நீர்வேலிப் பக்கம் வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு குளம், ஊருக்குள்ளே தாமரை மூடின ஒரு கேணி, வெள்ளம் நின்ற வயல்வெளி என்று எங்களுக்கு இடத்துக்குக் குறைவில்லை. தாமரை இலைமேல் நடக்கிற அந்தக் குருவியை முதலில் கண்ட நாள், நீ என் கையை நெரித்த நெரியில் என் காப்பு வளைந்துபோனது. இந்தத் தண்ணிகளைச் சுற்றித்தான் நாங்கள் பிறந்து வளர்ந்தோம். ஒரு நாளாவது சும்மா இருந்து பார்த்தோமா?

எல்லாவற்றிலும் உனக்குப் பிடித்தது சண்டிலிப்பாய்க்கு அங்கால் வயலுக்குள் இருக்கிற அந்தச் சின்னக் குளம். அதற்குக் காரணம் தண்ணியில்லை, ஆவுரோஞ்சிக் கல். மாடுகள் உரஞ்சித் தினவு தீர்க்கவென்று அந்தக் காலத்தில் நட்ட கல், கரைச்சரிவில் தனியே நிற்கும். நீ ஒருநாள் அக்கம் பக்கம் பார்த்துவிட்டு அதில் முதுகைக் கொடுத்து உரஞ்சினாய். நான் வெட்கத்தில் செத்துப்போனேன். மாட்டுக்கு மட்டும்தானா முதுகு கடிக்கும் என்று கேட்டாய். அதன் பிறகு அங்கே போனால் ஒவ்வொரு முறையும் இந்தக் கூத்துத்தான்.

அங்கேதான் அந்த மாட்டுக்காரர் வந்து சேர்ந்தார். உன் தொப்பியையும் தூரக்கண்ணாடியையும் தூரத்திலேயே கண்டு, மாட்டையும் விட்டுவிட்டு வரம்பால் ஓடி வந்து, மூச்சிரைக்க முதல் கேட்டது, "மிஸ் ஆக்கள் எந்த நிறுவனம்?" எங்கள் ஊரில் தொப்பி போட்டுக்கொண்டு குளத்தைப் பார்க்கிறவர் தொண்டு நிறுவனத்து ஆளைத் தவிர வேறு ஆராக இருக்க முடியும்? சண்டை ஓய்ந்த காலத்திலிருந்து அப்படி எத்தனை பேர் வந்து அளந்து, படம் எடுத்து, போனார்கள். சும்மா பொழுதுபோக்க வந்தோமென்று சொன்னால் அந்த மனிதருக்கு விளங்கியிராது. நான் சொல்ல வாயைத் திறக்க முதல் அவர் தன் கதையைத் தொடங்கிவிட்டார். றோட்டை அகலமாக்கினபோது மதகு மண்ணால் மூடுபட்டுப் போனதாம். மழைவெள்ளம் வாய்க்காலுக்குள் இறங்காமல் றோட்டாலே ஓடிக் கடலுக்குப் போகிறதாம். குளம் நிறையாததால் சுற்றிவரக் கிணறெல்லாம் உவர் தட்டத் தொடங்கிவிட்டது, மாடுகூட வாய் வைக்காது என்றார். எல்லாம் கேட்டுவிட்டு நீ தலையை ஆட்டி, "ஓம், பார்ப்பம்" என்றாய்.

வரும் வழியெல்லாம் உன்னைப் பேசினேன். இல்லாத நிறுவனத்தின் பேரில் வாக்குக் கொடுக்க உனக்கென்ன தலையில் தட்டிவிட்டதா என்று கேட்டேன். நீ ஸ்கூட்டியை ஒரு ஓரமாக நிறுத்தினாய்.

"இல்லையெண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லையடி. நிறுவனம்தானே வேணும்? நாங்கள் ரெண்டு பேர் இருக்கிறம், காணாதோ?"

அடுத்த நாளே பிரதேச சபைப் படி ஏறினாய். இன்று வா என்றார்கள், நாளை வா என்றார்கள். படிப்பித்த காலத்துப் பொறுமையெல்லாம் உனக்கு அங்கே உதவியது. பிறகு உனக்கு வருத்தம் கண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஊசி ஏறிக்கொண்டிருக்க, மற்றக் கையால் போன் எடுத்து மதகைப் பற்றிக் கதைத்தாய். நான் பக்கத்தில் இருந்து பல்லைக் கடித்தேன். உன் உயிர் என்ன பாடுபடுகிறது, உனக்கு மதகா முக்கியம் என்று கோவம். இப்போதும் அந்தக் கோவம் ஆறவில்லை, சொல்லிவிடுகிறேன்.

கடைசியாக நாங்கள் அந்தக் குளத்துக்குப் போனது நல்ல கோடையில். வெயிலுக்கென்று வந்த தொப்பி அப்போது முடி கொட்டின உன் தலையை மறைக்க உதவியது. ஸ்கூட்டி ஓட உனக்குப் பலமில்லை, ஓட்டோ பிடித்துப் போனோம். குளம் வெடித்துக் கிடந்தது. ஒரு கொக்குக்கூட இல்லை. உன்னை ஆவுரோஞ்சிக் கல்லோடு சாய்த்து இருத்தினேன். நீ உரஞ்சவில்லை. கட்லட்டை நான் பொரித்துக்கொண்டு போயிருந்தேன், அதையும் நீ கடித்துவிட்டு அப்படியே வைத்தாய். வெடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டு, "மாரிக்கு முதல் அந்த மதகைத் திறந்து போடவேணும்" என்றாய். மாரிக்கு நீயும் நானும் வந்து பார்ப்போம் என்று நான் சொன்னேன். நீ விரலில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டாய்.

மாரி பிந்தியது. நீ பிந்தவில்லை.

உன் மகள் வந்து எல்லாம் முடித்துத் திரும்பும்போது, அம்மாவின்ரை சாமான் என்ன வேணும் அன்ரி என்று கேட்டாள். தொப்பியைக் கேட்டேன். அடுத்த திங்கள் அதைப் போட்டுக்கொண்டு சபைக்குப் போனேன். ஆயுள் முழுக்கக் கவுண்டருக்கு உள்ளே இருந்து சனத்தை நாளைக்கு வா என்றவள், வெளியே நின்று நாளைக்கு வா கேட்டேன். அழுதும் பார்த்தேன், வாய் காட்டியும் பார்த்தேன். கடைசியில் அங்கே இருந்த பிள்ளை ஒருவனுக்கு என்னைக் கண்டாலே அலுப்பு வந்துவிட்டது. மண் கிண்டுகிற பெக்கோ மெஷின் ஒன்று வந்து அரை நாளில் மதகைத் திறந்துவிட்டுப் போனது. அரை நாள் வேலையடி! இதற்கா உன்னை அப்படி அலைத்தார்கள்?

இந்தக் கிழமை முழுக்க மழை. இன்று பின்னேரம் கொஞ்சம் விட்டது, தனியே போனேன். ஓட்டோவால் இறங்கி வரம்பில் கால் வைக்க, அந்த மாட்டுக்காரர் தூரத்தில் தொப்பியைக் கண்டுவிட்டு, கையை ஆட்டிக்கொண்டு சிரித்தபடி ஓடி வந்தார். கிட்ட வந்ததும் அந்தச் சிரிப்புப் பாதியில் நின்றது. எனக்குப் பின்னாலே எட்டிப் பார்த்தார்.

"மற்ற மிஸ் வரேல்லையோ?"

அவருக்குப் பின்னால் குளம் நிறைந்து நின்றது. அதை வைத்துக்கொண்டு நீ இல்லையென்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. "அவவுக்கு இடமாற்றம் வந்திட்டுது" என்றேன். தூரமோ என்று கேட்டார். தூரம்தான் என்றேன். பாவம், முகம் வாடிப்போனது.

"அப்ப தண்ணி வந்திட்டுதெண்டு அவவுக்கு ஒருக்கா அறிவிச்சு விடுங்கோ."

ஓம் என்று தலையாட்டிவிட்டு, திரும்பப் பிடித்த மழையில் நனைந்தபடி வந்துவிட்டேன். உன்னைப் போலவே வாக்குக் கொடுத்துவிட்டேன், பார். ஊரெல்லாருடைய செய்தியையும் முத்திரை குத்தி அனுப்பி வைத்தவள் நான். இதை எந்த விலாசத்துக்குப் போடுவதென்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் எங்கள் நிறுவனத்தில் மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான், அறிவிக்க வேண்டியது என் கடமை.

தண்ணி வந்திட்டுதடி. கல்லில் நீ முதுகு உரஞ்சுகிற இடம்வரை நிற்கிறது.