நானூற்றுப் பன்னிரண்டு ராட்சத மரங்கள்

ஜூன் 2, ஞாயிறு

காலையில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது மகள் வந்து, "அப்பா, நாளைலேருந்து மூணு வாரம் நீங்க காட்டுல இருக்கீங்க" என்றாள். வலது கன்னத்தில் வெட்டிக்கொண்டேன்.

பேத்தி, இளையோருக்கான கோடைக்கால வனப்பணித் திட்டத்தில் சேர்ந்திருக்கிறாள். பதினாறிலிருந்து பதினெட்டு வயதுக்குள் ஆறு பேர். வனத்துறை விடுதியில் தங்கித் தோப்பில் வேலை செய்ய வேண்டும். கூடவே ஒரு பெரியவர் இருக்க வேண்டும் என்பது விதி. இருக்க வேண்டிய உடற்பயிற்சி ஆசிரியர் நேற்று தன் வீட்டு மாடிப்படியிலேயே விழுந்து காலை உடைத்துக்கொண்டாராம்.

"வேற ஆளே கிடைக்கலையாம்மா?"

"பதினோரு பேரைக் கேட்டாச்சுப்பா. நீங்க பன்னெண்டாவது."

எனக்கு எழுபத்திரண்டு வயது. பூங்காவுக்குப் போனால், புல்லில் கால் வைக்கலாமா என்று காவலாளியைக் கேட்டுவிட்டு நடக்கிறவன். மறுத்திருக்கலாம். மறுப்பதற்கு நல்ல வாக்கியம் ஒன்றை மனத்தில் அமைத்து முடிப்பதற்குள் அவள் என் பெட்டியைப் பரணிலிருந்து இறக்கிவிட்டாள்.

ஜூன் 3, திங்கள்

எனக்குத் தனி அறை. துடைப்பங்களும் தீயணைப்பு வாளிகளும் என்னுடன் குடியிருக்கின்றன.

பொறுப்பில் இருக்கும் வனவர் முப்பது வயதுப் பெண். ஐந்து தோப்புகளுக்கு அவர் ஒருவர்தான். ஜீப்பின் எஞ்ஜினை அணைக்காமலேயே பேசுகிறார். "இவரு எடை அளவுத் துறையில முப்பத்தாறு வருஷம் இன்ஸ்பெக்டர். தராசு, படிக்கல்லு, எல்லாத்தையும் சோதிச்சவரு" என்று அறிமுகப்படுத்தினார். பிள்ளைகள் மரியாதையாகப் பார்த்தார்கள். அந்த முப்பத்தாறு ஆண்டுகளில் ஒரு கடைக்காரர்மேல்கூட நான் வழக்குப் போட்டதில்லை என்பதை அவர் சொல்லவில்லை. தராசில் பிழையா, நான் கொண்டுபோன படிக்கல்லில் பிழையா என்று எனக்கு எப்போதுமே ஒரு சந்தேகம்.

ஹெல்மெட் கொடுத்தார்கள். நான் தலையைத் திருப்பினாலும் அது நேராகவே பார்க்கிறது.

ஜூன் 4, செவ்வாய்

பிள்ளைகள் கைரம்பத்தால் கீழ்க்கிளைகளை அறுக்கிறார்கள், படர்ந்த கொடிகளை இழுத்துப் போடுகிறார்கள். என் வேலை அவர்களை எண்ணுவது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணினேன். மதியத்துக்குள் அவர்களுக்குச் சலித்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே "ஆறு பேரும் இருக்கோம் தாத்தா!" என்று ஒரு குரல் கத்தியது. ஒருவர் சொல்வதை வைத்து ஆறு பேரும் இருப்பதாக எப்படி முடிவு செய்வது? மறுபடி எண்ணினேன்.

ஒரு பையன் ஆறடிக்கு மேல் இருக்கிறான், அதில் பாதி கழுத்து. எல்லாரும் 'கொக்கு' என்றே கூப்பிடுகிறார்கள். வனவியல் கல்லூரியில் சேர்வது ஒன்றே அவன் பேச்சு. இந்தப் பணிச் சான்றிதழ் இருந்தால்தான் விண்ணப்பமே போட முடியுமாம்.

ஜூன் 6, வியாழன்

இன்று முதல் தோப்பிலுள்ள ஒவ்வொரு மரத்தையும் அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். வனவர் ஒரு டேப்பைக் கையில் கொடுத்து, "இது மரத்துக்குன்னே செஞ்சது. நெஞ்சு உயரத்துல சுத்திப் பிடிச்சாப் போதும், மரம் எத்தனை தடிமன்னு அதுவே காட்டிடும். எழுத வேண்டியது மட்டும்தான் வேலை" என்றார். ஜீப் போய்விட்டது.

யாருடைய நெஞ்சு? கொக்குவின் நெஞ்சு என் நெற்றிக்கு நேராக இருக்கிறது. அரை மணி நேரம் சர்ச்சை. கடைசியில் விதிப்புத்தகத்தைப் பார்த்து, ஒரு மீட்டர் முப்பது சென்டிமீட்டருக்கு ஒரு கம்பு வெட்டிக் கொடுத்தேன். எனக்கே என்மேல் கொஞ்சம் மதிப்பு வந்தது.

டேப்பில் ஒரு பக்கம் எண்களெல்லாம் தேய்ந்து, தடவித்தான் படிக்க வேண்டும். மறுபக்கம் புத்தம் புதிதாகப் பளிச்சென்று இருந்தது. திருப்பிப் பிடிக்கச் சொன்னேன். பேத்தி பிடித்தாள், கொக்கு படித்தான், நான் எழுதினேன். எழுபத்தொரு மரங்கள். அடித்தல் திருத்தல் இல்லை.

ஜூன் 7, வெள்ளி

கொக்கு கேட்டான்: "தாத்தா, அறுபத்தெட்டு சென்டிமீட்டர் தடிமன்னா எங்க வீட்டு ஸ்டூலவிடப் பெருசா இருக்கணும். இது என்னவோ ஒல்லியாத் தெரியுதே?"

"அளக்கிறவன் அபிப்பிராயம் சொல்லக் கூடாது தம்பி. கருவி என்ன சொல்லுதோ, அதுதான்."

இவ்வளவு உறுதியாக நான் பேசி எத்தனை வருடம் ஆகிறது!

ஜூன் 12, புதன்

நானூற்றுப் பன்னிரண்டு மரங்களும் முடிந்தன. சராசரி அறுபத்தாறு. வனவர் ஜீப்பில் உட்கார்ந்தபடியே பதிவேட்டைப் புரட்டி, "எழுத்து அச்சுல வார்த்த மாதிரி இருக்குங்கய்யா!" என்றார். எண்களைப் பார்த்ததாகத் தெரியவில்லை. யாரோ தொலைபேசியில் அவரைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

பதிவேட்டோடு கிளம்பும்போது மட்டும் முகம் மாறியது. மேலதிகாரி இருபதாம் தேதி நேரில் வருகிறார். ஆறு மாதத்துக்கு முன் மீன்வளத் துறையிலிருந்து மாற்றலாகி வந்தவர். சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டில் என்ன வேலை என்று கேட்கிறவர். பதிவேடு சரியாக இருந்தால் பிள்ளைகளுக்குச் சான்றிதழ், அடுத்த ஆண்டும் திட்டம். பிழை இருந்தால் இரண்டும் இல்லை.

எனக்கு இரவு நல்ல தூக்கம். அச்சில் வார்த்த எழுத்து.

ஜூன் 13, வியாழன்

எனக்கு ஏதோ பெரிய வியாதி.

கால்சட்டை முள்ளில் மாட்டிக் கிழிந்துவிட்டது. மகள் புதிது வாங்கி அனுப்ப இடுப்பளவு கேட்டாள். பேத்தி மர டேப்பை எடுத்துச் சுற்றி, "இருபத்தொன்பது" என்றாள். இருபத்தொன்பது சென்டிமீட்டர்! போன மாதம் தொண்ணூற்றொன்று. பத்து நாளில் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துவிட்டேனா? பசி எடுக்கிறது, நடக்க முடிகிறது — உள்ளுக்குள் என்னவோ அரிக்கிறது போலிருக்கிறது. தொலைபேசியில் மகள், "பொம்மைக் கடையிலதான் கேக்கணும்ப்பா" என்றாள். இதில் சிரிப்பு வேறு.

பேத்தி டேப்பைத் திருப்பிப் பிடித்தாள். தொண்ணூற்றொன்று.

டேப்பை விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தேன். தேய்ந்த பக்கத்தின் நுனியில் பொடி எழுத்தில் 'விட்டம்' என்று இருக்கிறது. அதுதான் தடிமனைக் காட்டும் பக்கம். வருஷக்கணக்காக எல்லாரும் அதையே பார்த்துப் பார்த்துத் தேய்ந்திருக்கிறது. பளிச்சென்ற பக்கத்தை எவனும் சீண்டியதில்லை. அது வெறும் சுற்றளவு. அதைத்தான் நான் நானூற்றுப் பன்னிரண்டு தடவை தடிமன் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன்.

செத்தேன்.

ஜூன் 14, வெள்ளி

விடிந்ததும் யாருக்கும் தெரியாமல் தோப்புக்குப் போய் மறுபடி அளக்கத் தொடங்கினேன். தனியாளாக ஒரு மரத்துக்கு நான்கு நிமிடம். முப்பத்தேழாவது மரத்தில் இருக்கும்போது பின்னால் பல் துலக்குகிற சத்தம். கொக்கு. வாய் நிறைய நுரை. பேத்தி அவனிடம் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது.

"எதுக்குத் தாத்தா அளக்குறீங்க? சுற்றளவுதான் நம்மகிட்ட இருக்கே. மூணு புள்ளி ஒண்ணு நாலால வகுத்தாப் போதுமே?"

வகுத்தால் போதும்! எட்டாம் வகுப்புக் கணக்கு. கணிதத்தில் பட்டம் வாங்கியவன் நான். பனியில் நனைந்த செருப்போடு மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

காலை உணவுக்குள் ஆறு பேருக்கும் தெரிந்துவிட்டது. பதிவேடு அலுவலகத்துக்குப் போய்விட்டதே, இனி வகுத்து என்ன பயன்? ரொட்டியைக் கடித்தபடி கொக்கு சாதாரணமாகச் சொன்னான்: "விடுங்க. டேப்பப் படிச்சது நான்தானே? என் தப்புன்னு சொல்லிக்கிறேன்."

மறுத்துப் பேச வேண்டிய இடம் அது. தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தேன். சர்க்கரை போட்டிருக்கவே இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

எழுத்தில் தெரிவித்துவிடுவது என்று முடிவு. வனவருக்குக் கடிதம். ஏழு வரைவுகள். ஏழாவது மூன்று பக்கம்.

ஜூன் 17, திங்கள்

கடிதத்தை ஜீப் ஜன்னல் வழியாக நீட்டினேன். 'தவிர்க்க இயலாத சில சூழ்நிலைகளின் காரணமாக எனது பார்வையும் மன அமைதியும் பாதிப்புக்குள்ளாகியிருப்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவந்து, உரிய பரிகாரம் வேண்டுகிறேன்' என்பது முதல் பத்தி. நேராக விஷயத்துக்கு வருவது மூன்றாம் பக்கத்தில்தான். அவர் முதல் பத்தியோடு நிறுத்திவிட்டார்.

"லீவு வேணுமா? இதுக்குப் போய் மூணு பக்கமாங்கய்யா? நாளைக்கு நல்லா ரெஸ்ட் எடுங்க."

கடிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நன்றி என்று சொன்னேன். ஆமாம், நன்றி என்றுதான் சொன்னேன்.

ஜூன் 18, செவ்வாய்

விடுப்பு. துடைப்பங்களோடு இருந்தேன்.

ஜூன் 19, புதன்

பேத்தி அறைக்கு வந்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். "தாத்தா, நாளைக்கு நீங்க சொல்லலன்னா கொக்கு சொல்லிடுவான். அவன் சொன்னா சொன்னதுதான். அப்புறம் காலேஜும் கிடையாது ஒண்ணும் கிடையாது அவனுக்கு."

"சொல்றேம்மா."

"போன ஞாயித்துக்கிழமையும் இதையேதான் சொன்னீங்க."

ஜூன் 20, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பத்தரை மணிக்கு அதிகாரி வந்தார். வெள்ளைச் சட்டை, முகம் பார்க்கலாம் போன்ற காலணி. எதையும் கேட்காமல் பதிவேட்டைத் திறந்தார். "மரம் நாப்பத்தேழு. அறுபத்தெட்டு. எங்க அந்த டேப்பு?"

கொக்கு ஓரடி முன்னால் வந்தான். நானும் வந்தேன் — அரையடி. இரண்டு பேரும் வாயைத் திறப்பதற்குள் அவர் டேப்பை வாங்கித் தானே மரத்தைச் சுற்றினார். தேய்ந்த பக்கத்தைப் பார்த்து முகம் சுளித்தார். திருப்பினார். பளிச்சென்ற பக்கத்தில் படித்தார்.

"அறுபத்தெட்டு! அட, ஒரு இழை பிசகலையே!"

இன்னும் இரண்டு மரங்கள் அளந்தார். இரண்டும் பதிவேட்டில் உள்ளபடியே. அவருக்கு ஒரே மகிழ்ச்சி. "பொடிப் பசங்கன்னு நினைச்சேன்மா. பிரமாதம். சர்டிபிகேட்டக் கொண்டாங்க, இங்கயே கையெழுத்துப் போடறேன். அடுத்த வருஷமும் நடத்துங்க."

வனவர் அப்போதுதான் டேப்பைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ரத்தம் இல்லை. என் கடிதத்தில் அவர் படிக்காத மூன்றாம் பக்கம் அந்த நொடியில் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும், எல்லாருக்கும் எல்லாம் கிடைத்துவிடும். சும்மா நிற்பதில் எனக்கு ஒரு ஆயுள் பழக்கம் உண்டு.

அப்போது அதிகாரி பதிவேட்டின் கடைசிப் பக்கத்துக்கு வந்தார். "சராசரி அறுபத்தாறா? அறுபதத் தாண்டினா முத்தின தோப்பாச்சே! இத ஏன் இன்னும் நிக்க விட்டு வச்சிருக்கீங்க? வெட்டுப் பட்டியல்ல ஏத்துங்க. முழுசா."

"சார், இது பதினெட்டு வருஷத் தோப்புதான் சார், இன்னும் பாதிகூட வளரல —"

"நானே அளந்தேன்மா. என் கையால அளந்தேன்."

வனவர் வாயை மூடிக்கொண்டார். பிள்ளைகள் ஆறு பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆறு பேரும் இருந்தார்கள்.

"ஐயா" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். கேட்கவில்லை. மூன்றாவது தடவை அது கூச்சலாக வெளியே வந்தது. மரத்திலிருந்து பறவைகள் எழும்பிப் போயின.

"ஐயா, அந்த மரத்தக் கொஞ்சம் கட்டிப் பிடிங்க."

"என்னது?"

"கட்டிப் பிடிங்க. ஒரு தடவை."

என் பேச்சை அவர் ஏன் கேட்டார் என்று தெரியவில்லை. பின்னாலிருந்து கத்தினால் யாருக்குமே கை தானாக எழும் போலிருக்கிறது. கட்டிப் பிடித்தார். வலது கை இடது முழங்கையைத் தொட்டது. இடது கை வலது முழங்கையைத் தொட்டது.

"அறுபத்தெட்டு சென்டிமீட்டர் தடிமன்னா உங்க ரெண்டு கையும் ஒண்ண ஒண்ணு தொடவே தொடாதுங்கய்யா. நீங்க அளந்தது சுற்றளவு. இது வெறும் இருபத்திரண்டு சென்டிமீட்டர் மரம். அளவு தப்பு. முதல்ல தப்பா அளந்தது நான். பசங்க இல்ல, நான். பசங்க சந்தேகமாக் கேட்டாங்க, நான்தான் வாய அடைச்சேன். இப்பத் தப்பா அளந்தது —"

இங்கே நின்றேன்.

"— நீங்க."

அவர் மரத்தை விடவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே நின்றார் என்று சொல்ல முடியாது. யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்து, அதை இருமலாக மாற்றினாள். அவர் விலகியபோது வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுக்க மரப்பிசின்.

பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார். சான்றிதழ்கள் அங்கே ஒரு வெட்டுக்கட்டையின் மேல் கிடந்தன. கையெழுத்து இல்லாமல்.

ஜூன் 21, வெள்ளி

கடைசி நாள். வனவர் வாழ்க்கையில் முதல் தடவையாக எஞ்ஜினை அணைத்துவிட்டு, சான்றிதழ்களை அதிகாரிக்கே, பதிவேட்டின் பின்னாலேயே அனுப்பியிருப்பதாகச் சொன்னார். "என்ன ஆகும்னு தெரியாதுங்கய்யா. அவருக்கு மீன்வளத்துலயும் கோபம் அதிகமாம்."

கொக்குவிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட போங்க தாத்தா" என்று என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தான். முகத்தை மட்டும் காட்டவில்லை.

ஜூன் 28, வெள்ளி

தபால் இல்லை.

ஜூலை 2, செவ்வாய்

தபால் வந்தது. மின்கட்டணம்.

ஜூலை 6, சனி

கொக்குவின் விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் பதினைந்தாம் தேதி. பேசாமல் இருந்திருக்கலாமோ என்று ஒருபுறம். பேசாமல் இருந்திருந்தால் இந்நேரம் அங்கே கட்டைகள்தான் இருக்கும் என்று மறுபுறம். இரண்டையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். பையனின் பக்கம் கனமாகவே இருக்கிறது.

ஜூலை 11, வியாழன்

மாலை வனவர் தொலைபேசியில் கூப்பிட்டார். எஞ்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சான்றிதழ்கள் ஆறும் கையெழுத்தாகி வந்துவிட்டன. கொக்கு அலுவலகத்துக்கே ஓடி வந்து தன்னுடையதை வாங்கிக்கொண்டு, அப்படியே கல்லூரிக்குப் போய்விட்டானாம். தோப்பு பட்டியலில் இல்லை. அதிகாரி நானூற்றுப் பன்னிரண்டையும் தன் கையாலேயே வகுத்து எழுதியிருக்கிறாராம், சிவப்பு மையில். அடுத்த கோடைக்கும் திட்டத்துக்கு அனுமதி உண்டு.

"ஆனா கோப்புல ஒரு குறிப்பு இருக்குங்கய்யா. படிக்கட்டுமா? 'உடன் வரும் பெரியவர் வேறொருவராக இருத்தல் நலம்.' ரெண்டு தடவ அடிக்கோடு போட்டிருக்காரு."

பேத்தி தரையில் உருண்டு சிரித்தாள். நான் அந்த வாக்கியத்தை மறுபடி ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

மகள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை போதவில்லை என்றேன்.

"இத்தனை வருஷமா இப்படித்தானேப்பா போடறேன்?"

இத்தனை வருஷமாகவே போதவில்லை என்றேன்.