ஒரு தோள் இறங்கிய இலை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் ஜலதோஷம்தான் பத்து நாளாகப் போக மனமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. பாலைவனத்து வெயிலில் நீ தலைக்குத் துணிகூடக் கட்டாமல் செடி தேடி அலைவதாக அம்மாவுக்குக் கவலை, கட்டிக்கொள்.

நம் நாட்டு மருந்துக் கடையில் ஒன்று நடந்தது, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். போன வாரம் நிலாவாரை இலை மூட்டை வந்தது. கடைத்தெருவில் என்னை மூக்கு என்று ஏன் கூப்பிடுகிறார்கள் என்று உனக்குத் தெரியும், எந்தச் சரக்கையும் மோந்தே சொல்லிவிடுவேன் என்கிற திமிர். அடைத்த மூக்கோடு மோந்துவிட்டு நல்ல சரக்கு என்று இறக்கிவிட்டேன். எதிர்க்கடைத் தையல்காரர் மலச்சிக்கலுக்குக் கேட்டார், சுக்கு சேர்த்துக் கொதிக்க வையுங்கள், இல்லாவிட்டால் வயிற்றைப் பிடிக்கும், முழுகாமல் இருக்கும் மருமகள் தொடவே கூடாது என்று வழக்கமான பாட்டைப் பாடிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். அவர் போனதும் அம்மா ஓர் இலையை வெளிச்சத்தில் பிடித்தாள். இதுல காம்புகிட்ட ரெண்டு பக்கமும் சமமா இருக்குதே, நிஜ இலைக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும்னு நம்ம பொண்ணு எழுதியிருந்தாளே என்றாள். உன் கடிதத்தை எடுத்துவந்து அதில் நீ வரைந்த படத்தின் மேல் இலைகளை வைத்துப் பார்த்தோம், மூட்டையில் பாதி வேறு இலை, குடலைப் புரட்டும் என்று நீ எழுதியிருந்த அதே இலை. செருப்புகூட மாட்டாமல் ஓடினேன். தையல்காரர் வீட்டு அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறது, அவர் பொட்டலத்து நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறார். பிடுங்கிக்கொண்டேன். நான் தப்புப் பண்ணிட்டேன், என் பொண்ணு கண்டுபிடிச்சிட்டா என்றேன். அவ எங்கேயோ பாலைவனத்துலல்ல இருக்கா என்றார். அங்கேருந்துதான் என்றேன்.

நீ கிளம்பிய அன்று இலை எண்ணவா இத்தனை படிப்பு என்று கேட்டேன், வழியனுப்பவும் வரவில்லை. அந்த வார்த்தை இத்தனை நாளும் எனக்குள் உறுத்திக்கொண்டுதான் இருந்தது, திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக மூக்குடைபட்டேன், அதுவும் பெற்ற மகளிடம், அதைக் கடைத்தெரு முழுக்க நானே சொல்லித் திரிகிறேன். உன் படம் இப்போது தராசுக்கு மேலே ஒட்டியிருக்கிறது. வருகிறவர்களுக்கு உன் பெருமையையும் சேர்த்துத்தான் பொட்டலம் கட்டுகிறேன், வியாபாரத்தைப் பாருங்க என்று அம்மா முறைக்கிறாள், ஆனால் சொல்வதில் நான் எதையாவது விட்டுவிட்டால் அவளே எடுத்துக் கொடுக்கிறாள்.

நேரத்துக்குச் சாப்பிடு. நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும். இத்துடன் இரண்டு இலை வைத்திருக்கிறேன், ஒன்று நிஜம், ஒன்று பொய். எது எது என்று எனக்கு இப்போது தெரியும், இருந்தாலும் நீ சொல்லிக் கேட்க வேண்டும், மறக்காமல் பதில் போடு.

மூக்குடைபட்ட உன் அப்பா