நடுக்கடல் என்று நீங்கள் சொன்ன இடம்

பாய்,

பல மாதமாகப் பூட்டிக் கிடந்த ஒரு ஃபிளாட்டை நேற்று துபாய் அல் குசைஸில் ரிப்பேருக்காகத் திறந்தேன். கதவைத் தள்ளியதுமே நம் பழைய கப்பலின் அந்த வாடை முகத்தில் அடித்தது. வறண்டுபோன சாக்கடைக் குழாயும் ஈரம் குடித்த கார்ப்பெட்டும் சேர்ந்த வாடை. கூட வந்த பிளம்பர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனான். நான் அங்கேயே நின்றுவிட்டேன். உங்களிடம் சொல்ல வேண்டிய ஒன்று போன மாதத்திலிருந்து நெஞ்சில் கிடக்கிறது. இதற்குமேல் தள்ளிப்போட முடியாது.

நம் கப்பலை ‘ராணியம்மா’ என்றுதானே சொல்வோம். ஒரு ராணியின் பெயரோடு நாற்பது வருஷம் போல அட்லாண்டிக்கில் போய் வந்த கப்பல். பணக்காரர்களைச் சுமந்தது, ஒரு போரில் சிப்பாய்களையும் சுமந்தது. வயதானதும் ஓட்டலாக்கப் போகிறோம் என்று துபாய்க்குக் கொண்டுவந்து பழைய துறைமுகத்தில் கட்டினார்கள். அதற்குள் ஊருக்கே பணமுடை வந்து, ஓட்டல் பேச்சு நின்றுபோனது. காலியாகக் கிடந்த அந்தக் காலத்தில்தான் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனி உங்களையும் என்னையும் அதில் ஏற்றிவிட்டது.

ஆளில்லாத கப்பலில் அப்படி என்ன வேலை என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். தண்ணீர் தேங்கினால் கிருமி, சாக்கடை வறண்டால் நாற்றம். அதனால் அறை அறையாகப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கக்கூஸில் தண்ணீர் அடித்து, மூடிவிட்டு அடுத்த அறைக்குப் போக வேண்டும். கடைசி அறையை முடிப்பதற்குள் முதல் அறையின் முறை மறுபடி வந்துவிடும். ஒவ்வொரு அறையிலும் நீங்கள் சலாம் சொல்லிவிட்டுத்தான் நுழைவீர்கள். “யாருக்கு பாய் இந்த சலாம்? வெள்ளக்காரப் பேய்க்கா?” என்று கிண்டல் செய்வேன். “ஆளில்லாத வீட்டுக்குள்ள போனாலும் சலாம் சொல்லணும்ப்பா, அதான் முறை” என்பீர்கள். எத்தனை வருஷமானாலும் நீங்கள் அதை விடவில்லை.

கீழக்கரையில் உங்கள் வீட்டாருக்கு நீங்கள் ‘கப்பல்ல வேலை’. கப்பல் என்றால் ஓடும் என்று அவர்களாகவே நினைத்துக்கொண்டார்கள். இப்ப எந்த நாட்டுல நிக்கிறீங்க என்று போனில் கேட்டால், முதலில் சிரித்து மழுப்பினீர்கள். அப்புறம் வாயில் வந்த ஊர்ப் பெயரைச் சொன்னீர்கள். சோப்பும் சென்ட்டும் இங்கே தேரா கடைத்தெருவில் வாங்கி அனுப்பிவிட்டு லண்டன் சாமான் என்றீர்கள். எனக்கு அது அன்றைக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

உங்கள் மகளுக்கு நிக்காஹ் நிச்சயமானபோது வேடிக்கை முடிந்தது. நிக்காஹில் பெண்ணை ஒப்புக்கொடுக்கும் பொறுப்பாளிக்கு ‘வலி’ என்று பெயர், அது தகப்பன்தான், அந்த இடத்தில் நான் நிற்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தீர்கள். மூன்று தடவை லீவ் கேட்டீர்கள். பாஸ்போர்ட் கம்பெனி அலமாரியில் இருந்தது. “ஆத்மி நஹி ஹை, லீவ் மாஃபி, கலாஸ்” என்று சூப்பர்வைசர் கையை உதறி லீவை மறுத்துவிட்டான். ஆள் இல்லையாம். காலிக் கப்பலுக்கு ஆள் இல்லையாம்! அன்றைக்கு வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

என் பக்கத்தில் நின்றுதான் நீங்கள் வீட்டம்மாவுக்குப் போன் செய்தீர்கள். “நடுக்கடல்ல இருக்கேன் புள்ள. எறங்க வழியில்ல. தம்பிய வலியா நிக்கச் சொல்லு.” பேசிவிட்டுத் திரும்பி என்னிடம் சொன்னீர்கள்: “லீவு தரலன்னா ஏன் சண்ட போட்டு வாங்கலன்னு கேப்பா. கடலுன்னா அல்லாட நாட்டம்னு விட்டுருவா.” நிக்காஹ் நாளில் புதுச்சட்டை போட்டுக்கொண்டு டூட்டிக்கு வந்தீர்கள். கப்பலின் நடன மண்டபத்தில் நின்று நிக்காஹைப் போனில் கேட்டுக்கொண்டிருந்தபோது சிக்னல் விட்டுவிட்டுப் போகவே மேல்தளத்துக்கு ஓடினீர்கள். நான் ஏறி வருவதற்குள் அங்கே நிக்காஹ் முடிந்திருந்தது. போனைக் காதிலிருந்து எடுக்காமல் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பக்கத்தில் வர எனக்குத் தைரியம் இல்லை.

பிறகு ஒருநாள் பணம் வந்தது, ஓட்டல் வேலை மறுபடி தொடங்கியது, நம் கான்ட்ராக்ட் முடிந்தது. விசாவை முடித்துக்கொண்டு ஊருக்குப் போனீர்கள். கப்பலில் விளக்கெரிந்து விருந்தாளிகள் ஏறியதை நீங்கள் பார்க்கவில்லை. அதற்கு முன்பே உங்கள் நெஞ்சு நின்றுவிட்டதாக உங்கள் தம்பியின் போன் வந்தது.

உங்கள் மகள் இப்போது கணவரோடு இங்கே அல் குசைஸில்தான் இருக்கிறாள். போன மாதம் விசிட் விசாவில் உங்கள் வீட்டம்மாவும் வந்தார்கள். வாப்பாவின் கப்பலைக் காட்டுங்கள் மாமா என்று மகள் கேட்டாள். தூரம், டிக்கெட் விலை, அலைச்சல் என்று எதை எதையோ சொல்லிப் பார்த்தேன். அவள் டிக்கெட்டே எடுத்துவிட்டாள். உங்கள் பொய் என் கையில் உடைந்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டேதான் கூடப் போனேன் பாய்.

சுற்றிக்காட்டிய பெண் இங்கிலீஷில் எல்லாம் சொன்னாள். வந்துபோன நட்சத்திரங்கள், விருந்துகள், போர். கடைசியில், துபாய்க்கு வந்த நாளிலிருந்து இந்தக் கப்பல் கடலுக்குப் போனதே இல்லை, பல வருஷம் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தது என்றாள். ஆளில்லாமலாம்! மகள் சட்டென்று நின்றுவிட்டாள்.

“என்ன புள்ள சொல்றா?” என்று உங்கள் வீட்டம்மா கேட்டார்கள்.

கப்பலைக் கரையோடு கட்டியிருந்த வடத்தை மகள் கொஞ்ச நேரம் பார்த்தாள். “ரொம்ப தூரம் ஓடுன கப்பலாம் உம்மா. வாப்பா சொன்ன மாதிரித்தான்” என்றாள்.

“அதான, அவுஹ என்ன பொய்யா சொல்லுவாஹ?” என்று சொல்லிவிட்டு உம்மா அங்கேயே நின்று உங்களுக்காகக் கையேந்தி துஆ கேட்டார்கள். மகள் என்னைத் தனியே அழைத்துப் போனாள்.

“என் நிக்காஹ் அன்னைக்கு வாப்பா இங்கதான் இருந்தாஹளா மாமா?”

“ஆமாம்மா. லீவு குடுக்க மாட்டேன்னுட்டானுங்க” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். புதுச்சட்டையையும் சொன்னேன். பொய் சொல்லிவிட்டாரே என்று உங்கள்மேல் கோபப்படுவாள் என்றிருந்தேன். அவள் கோபப்படவே இல்லை.

“உம்மாவுக்குத் தெரிய வேணாம்” என்றாள். பிறகு முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு, “நான் வந்த ஃபிளைட்டுல சாப்பாடு குடுத்து, தட்ட எடுக்கிறதுக்குள்ள எறங்கிட்டோம் மாமா. இவ்வளவு கிட்டயா இருந்தாஹ?” என்றாள்.

டூட்டிக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தக் கேள்வி கூடவே வருகிறது. அது என்னைக் கேட்டது இல்லை, உங்களைக் கேட்டது. வாங்கி வைத்திருப்பவன் நான்.