அடிக்கல்லுக்குப் பக்கத்து மையம்

மார்ச் 4
கடைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு இன்றும் தம்பியோடு அலைச்சல். பெரியாஸ்பத்திரியில் மனநலப் பிரிவைக் காணோம். இடம் போதவில்லை என்று மூட்டுவலிப் பிரிவோடு சேர்த்துவிட்டார்களாம். அந்த டாக்டர் அவன் முழங்காலைத் தட்டிப் பார்த்து, "கால் நல்லாத்தான் இருக்கு" என்றார். "சார், இவனுக்குக் காதுல குரல் கேக்குது" என்றேன். காது, மூக்கு, தொண்டைக்கு அனுப்பினார். அங்கே காதைக் கழுவிவிட்டார்கள்.

வெளியே வந்ததும் தம்பி சொன்னான்: "அக்கா, இப்ப இன்னும் தெளிவாக் கேக்குது."

சிரித்துத் தொலைத்தேன். பஸ்ஸில் அழுகை வந்தது.

மார்ச் 11
இன்று வேறு டாக்டர், வேறு மாத்திரை. ஒரு மாத்திரை பிடிக்க ஆரம்பிக்கும் நேரத்தில் அடுத்தவர் வந்து மாற்றிவிடுகிறார். கட்டட கான்ட்ராக்டரிடம் பிளான் வரைந்துகொண்டிருந்த பிள்ளை. இப்போது அவன் தலைக்குள் ஒரு மேஸ்திரி உட்கார்ந்துகொண்டு, "அதைச் செய், இதை இடி" என்று விரட்டுகிறார். இவனுக்கு ஒரே இடம், ஒரே டாக்டர் கிடைத்தால் போதும். நான் என்ன நிலாவையா கேட்டேன்?

மார்ச் 20
ஆஸ்பத்திரியின் பின்பக்கம் அடிக்கல் நாட்டு விழா. 'மனச்சிதைவு நோய் ஆராய்ச்சி மற்றும் சிகிச்சை மையம்.' அமைச்சர் வந்தார், திரையை இழுத்தார், போனார். திரையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். என் வீட்டுக்காரர், "கல்லையாவது விட்டுட்டுப் போனாங்களே" என்றார்.

ஏப்ரல் 2
கல் இருக்கிறது.

ஏப்ரல் 9
சீட்டு எழுதுகிறவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மனச்சிதைவா? இனிமே எல்லாம் புது மையத்துலதான்."
"அது எங்க சார்?"
"பின்னாடி."
"பின்னாடி கல்லுதான் சார் இருக்கு."
"அதான் மையம்."

போனோம். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கையில் பிடித்தபடி ஒரு டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார். "என்னை இந்த மையத்துக்குத்தான் மாத்தியிருக்காங்க. நானும் அதைத்தான் தேடிட்டிருக்கேன். உக்காருங்க" என்றார். இருந்தது ஒரே நாற்காலி. தம்பி கல்லின் மேல் உட்கார்ந்தான். அவர் அதட்டவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அவனிடம், "மேஸ்திரி இன்னைக்கு என்ன சொல்றாரு?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத்தில் யாரும் அவனை அப்படிக் கேட்டதில்லை. கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை காத்தும் இருந்தார்.

மே 6
வாராவாரம் அதே டாக்டரம்மா, அதே மாத்திரை. விஷயம் பரவிவிட்டது. ஆளாளுக்கு வீட்டிலிருந்து ஸ்டூல் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இன்று நல்ல மழை. எல்லோரும் குடையை விரித்தோம், தம்பி மட்டும் மறுத்துவிட்டான். "உள்ள எதுக்குக்கா குடை? மேஸ்திரி கூரை போட்டு முடிச்சிட்டாரு." நனைந்துகொண்டே மாடியைக் காட்டினான். நான் பிடித்த குடையையும் தள்ளிவிட்டான். பயமாக இருக்கிறது. மாத்திரை வேலை செய்கிறதா இல்லையா?

ஜூன் 17
இதை எழுதும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை.

மேலிடத்திலிருந்து ஓர் அதிகாரி மையத்தைப் பார்வையிட வந்தார். கட்டி முடித்தாகிவிட்டது என்று யாரோ ஏற்கெனவே சொல்லிவைத்திருக்கிறார்கள் போல. கூட வந்த ஆஸ்பத்திரித் தலைவருக்கு வியர்த்து ஊற்றியது. அப்போது தம்பி எழுந்து போய், "வாங்க சார். படி இருக்கு, பாத்து" என்றான்.

அதிகாரி காலைத் தூக்கி வைத்தார்! பின்னாலேயே தலைவரும் தூக்கி வைத்தார்.

"இது ஆராய்ச்சிக் கூடம். இது பெண்கள் வார்டு. இந்த இடத்துல ஜன்னல் இன்னும் பெருசா வேணும்னு சொன்னேன் சார், மேஸ்திரி கேக்கல." அதிகாரி வெட்டவெளியில் நின்று மூச்சை இழுத்துவிட்டு, "காத்தோட்டம் பிரமாதம்" என்றார். திரும்பும்போது அவசரத்தில் குறுக்கே நடந்தார். "சார், அது சுவரு. கதவு இந்தப் பக்கம்" என்றான் தம்பி. மனுஷன் திரும்பி வந்து கதவு வழியாகப் போனார்.

நான் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவள். இந்தப் பார்வைக்கு எங்களிடம் லென்ஸ் கிடையாது. டாக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு, "இதுல நான் யாருக்கு மாத்திரை எழுதறது?" என்றார்.

ஜூலை 1
மையம் சிறப்பாக இயங்குவதால் இனி கட்டடம் கட்டத் தேவையில்லை என்று உத்தரவு வந்திருக்கிறதாம். நாசமாப் போக. ஒரு கூரை கேட்டது குத்தமாடா?

ஆகஸ்ட் 12
தம்பி விடியும்வரை தூங்கினான். மேஸ்திரி அதிகம் பேசுவதில்லையாம்.

செப்டம்பர் 9
இன்று ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி மைதானத்துக்குள் நுழைந்ததும் தம்பி நின்றுவிட்டான். மேலே பார்த்தான், சுற்றிலும் பார்த்தான். படி இருந்த இடத்தில் காலைத் தேய்த்துப் பார்த்தான்.

"அக்கா, இங்க கட்டடமே இல்லையே."

டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். இந்த ஒரு வார்த்தைக்குத்தானே இத்தனை மாதம் காத்திருந்தோம்! அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆமாண்டா, இல்லடா, இல்லவே இல்லடா" என்று பைத்தியக்காரி மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தேன்.

அவன் ஸ்டூல்களில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தான். "அப்ப இவங்க எல்லாரும் எங்க உக்காந்திருக்காங்க, அக்கா?"

தூறல் போட ஆரம்பித்தது. தம்பி என் கையிலிருந்த குடையை வாங்கி விரித்து, டாக்டரம்மாவுக்குப் பிடித்துக்கொண்டு நின்றான்.