சரோஜா நடத்திய புதன்கிழமைப் பந்தி

ஜூலை 2, புதன். வெயில். காற்று கொஞ்சமும் இல்லை.

காலை வேலைகள்: பால். சரோஜாவுக்கு மாத்திரை இரண்டு. எனக்கு ஒன்று, போட மறந்தேன். மறதி நோய் அவளுக்குத்தான் என்கிறார் டாக்டர்.

வேப்பம்பட்டில் ரயில் ஏறி பட்டாபிராம். முகூர்த்தம் இல்லாத புதன்கிழமைகளில் அங்கே ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை மறதிக்காரர்களுக்காகத் திறந்துவிடுகிறார்கள். ஆட்டம், பாட்டு, பேச்சு. நடத்துவது மேரி சிஸ்டர், ரிட்டையர்டு நர்ஸ்.

ச. முதல் நாளே மக்கர். பந்தைத் தூக்கிப் போடச் சொன்னால் மடியில் வைத்துக்கொண்டாள், தரவில்லை. மணி கோக்கச் சொன்னால், "எனுக்கு வேல கீது" என்று வாசலைப் பார்த்து நடை. நாலு தடவை. வாசலைத் தாண்டினால் லாரி ரோடு.

சிஸ்டர் தனியே கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். நாங்க ரெண்டே பேர். இன்னும் ரெண்டு வாரம் பாப்போம். அப்பவும் இப்படி வெளிய ஓடினா வெச்சிக்க முடியாது."

கோபம். யார் மேல் என்று தெரியவில்லை. வீட்டில் நாள் முழுக்க அவளும் நானும் சுவரும்தான். கல்யாணமான நாளிலிருந்து என்னை 'யோவ்' என்றவள், இரண்டு மாதமாக 'சார்' என்கிறாள். மரியாதை வந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஜூலை 4, வெள்ளி. தூறல். துணி காயவில்லை.

பந்து ஒன்று வாங்கினேன். பச்சை. ஹாலில் அவளுக்குப் பயிற்சி. பத்து முறை போட்டேன், பத்து முறையும் நானே போய்ப் பொறுக்கினேன். கட்டிலுக்கு அடியிலும்.

ச.: "சார், ஒங்க வயசுக்கு இதெல்லாம் தேவயா?"

முதுகு பிடித்துக்கொண்டது. தைலம்.

ஜூலை 9, புதன். புழுக்கம்.

பந்து: தேறவில்லை. வாசல்: மதியத்துக்குள் இரண்டு தடவை. சிஸ்டர் நோட்டில் குறித்துக்கொண்டார்.

மதியம் கண்ணப்பன் சாருக்குப் பிறந்தநாள். அவரும் மறதிக்காரர், ரயில் ஓட்டியவர். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம், "சிக்னல் போட்டாச்சா?" அவர் மகள் எல்லாருக்கும் இலைச் சாப்பாடு கொண்டுவந்திருந்தார். சிஸ்டர் இலை போட்டார். அத்தனையும் தலைகீழ், நுனி வலப்பக்கம்.

மூன்றாம் முறை வாசலுக்குப் போன ச. திரும்பிப் பார்த்தாள்.

"யாரும்மா எல போட்டது?"

சிஸ்டர் மெல்லக் கை தூக்கினார்.

"நுனி எடது கைப்பக்கம் வரணும். ஒங்க ஊட்ல சொல்லிக் குடுக்கல?"

திருவேற்காட்டுப் பக்கம் ஒரு மண்டபத்தில் இருபது வருஷம் பரிமாறுகிற ஆட்களை மேய்த்தவள் இவள். மூன்று பந்தி நடந்தாலும் கடைசி இலைக்கு அப்பளம் இருக்கும். இங்கே சேர்க்கும்போது ஃபாரத்தில் 'தொழில்' என்ற இடத்தில் 'வீட்டில் சும்மா' என்று எழுதியது யார்? நான்தான். மடையன்.

எல்லா இலையையும் திருப்பினாள். சிஸ்டருக்கு உப்பு வைக்கிற வேலை. "பாயசம் மொதல்ல ஒரு சொட்டு. அப்பால பொரியல். இன்னா பாத்துகினு நிக்கிற?"

கண்ணப்பன்: "சிக்னல் போட்டாச்சா?"

"போட்டாச்சு. தண்ணிய எடுத்துகினு கெளம்பு நைனா."

கிளம்பிவிட்டார்! எல்லா டம்ளரும் நிறைந்தன, என்னுடையது இரண்டு தடவை. ச. அதற்கப்புறம் வாசல் பக்கமே போகவில்லை.

ஜூலை 12, சனி. வெயில். மோட்டார் ரிப்பேர். மெக்கானிக் நாளைக்காம்.

சிஸ்டர் ஃபோன். "புதன்கிழமை இட்லி வடை போதுமா சார்? எலை நாங்க வாங்கிடறோம். பந்த மூட்ட கட்டிட்டேன். சரோஜாம்மா இல்லாம இனிமே நடக்காது."

வைத்ததும் அழுதுவிட்டேன்.

ச. எட்டிப் பார்த்து: "இன்னா சார், வெங்காயமா?"

ஜூலை 16, புதன். மேகம் உண்டு, மழை இல்லை.

என் மாத்திரை போட்டேன்.

பந்தி. இட்லி, வடை, சட்னி இரண்டு வகை. ச. முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு வரிசைக்கு நடுவே நடை. "இங்க சட்னி வரல!" கண்ணப்பன் சார் தண்ணீரோடு பின்னாலேயே. நுனியெல்லாம் இடப்பக்கம். சிஸ்டர் வீட்டில் பழகிப் பார்த்தாராம்.

கடைசி இலையில் நான். ஒரு இட்லி முடித்தேன். எதிரே வந்து நின்றாள்.

"சார், நீங்க பொண்ணு ஊடா, மாப்ள ஊடா?"

எங்கிருந்து தைரியம் வந்ததோ. "மாப்ளயே நான்தாம்மா."

மேலும் கீழும் பார்த்தாள். இடுப்பில் கை.

"யோவ்! மாப்ள நீ பந்தில குந்திகினா தாலிய யாருய்யா கட்றது? எந்திரிய்யா!"

எழுந்தேன். கையெல்லாம் சட்னி.